கப்பல் சாப்பாடு

போன மாதம் ஒரு நண்பர் வந்திருந்தார். கவிஞர். இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவர், பெயர் வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மகள், வருகிற கோடையில் அப்பா அம்மாவை அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துப் போகத் தீர்மானித்திருக்கிறாள். "நீங்கள் போய் வந்தவராயிற்றே. சாப்பாடு எப்படி? முட்டை இல்லாமல் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார். கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். உல்லாசக் கப்பலில் போவதும் அங்கே என்ன சாப்பிடலாம் என்று விசாரிப்பதும் ஒரு கவிஞன் செய்யக்கூடாத காரியங்கள் என்பதுபோல. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. நானும் 2023 ஜூனில் போய்விட்டு வந்ததை நம் வட்டத்தில் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை.

பயணக் கட்டுரை என்றாலே நமக்கு ஒரு இளக்காரம். விமானநிலையத்தில் மாலையோடு தொடங்கி, ஐஃபல் கோபுரத்தின் உயரத்தைச் சொல்லி, ஊறுகாய் பாட்டிலைச் சுங்க அதிகாரி முகர்ந்து பார்த்த ஹாஸ்யத்தோடு முடிகிற தொடர்களைப் பார்த்து வந்த இளக்காரம். நியாயமானதுதான். ஆனால் அந்த இளக்காரத்தின் நிழலில் சில விஷயங்களை நாம் பார்க்காமலே தப்பித்துக்கொள்கிறோம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் நின்றுகொண்டிருக்கிறவனுக்கும் இடையில் நடப்பது அவற்றில் ஒன்று. நண்பருக்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்தக் கப்பல்கள் எங்கும் போவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸியாட்டிலில் ஏறினோம், எட்டாம் நாள் ஸியாட்டிலில் இறங்கினோம். போய்ச் சேர ஓர் ஊர் இல்லாத பயணம் என்ற யோசனையே வேலையில்லாத கப்பல்களுக்கு வேலை கொடுப்பதற்காக வந்தது. ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் குறைவதைப் பார்த்து, 1891 ஜனவரியில் 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். போகிற இடம் முக்கியமில்லை என்றானபின் கப்பலுக்குள் இருப்பது முக்கியமாகிவிடுகிறது. கப்பலுக்குள் இருப்பது என்றால் பெரும்பாலும் சாப்பாடுதான். அதே கம்பெனி 1905-ல் 'அமெரிக்கா' என்ற கப்பலில் ரிட்ஸின் பெயரில் தனி உணவு விடுதி ஒன்றைத் திறந்தது. கடல் மெல்ல மெல்ல ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது.

நாங்கள் போன கப்பலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மூவாயிரம் பயணிகள், ஆயிரத்துக்கு மேல் ஊழியர்கள். நான், மனைவி, மகன், மருமகள் என்று நான்கு பேர். சாப்பிட மூன்று விதமான இடங்கள். மேல்தளத்தில் பஃபே. காலை முதல் ராத்திரி வரை திறந்திருக்கும், தட்டை எடுத்துக்கொண்டு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். கீழே பெரிய சாப்பாட்டு அறை. அங்கே பரிமாறுவார்கள். இரண்டுக்கும் டிக்கெட்டிலேயே பணம் சேர்ந்துவிட்டது. மூன்றாவது, தனியாகக் காசு வாங்குகிற சிறிய உணவகங்கள். பெரிய அறையில் ஒரே மேஜை, ஒரே நேரம், ஒரே சர்வர் என்று ஏழு நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம். இல்லை, தோன்றும்போது போய் எங்கேயாவது உட்காரலாம். மகன் முதலாவதைத் தேர்ந்தெடுத்திருந்தான். "ஒரே ஆள் என்றால் அம்மாவுக்கு முட்டை ஆகாது என்று தினம் சொல்ல வேண்டாம்பா" என்றான்.

அப்படித்தான் அந்த மனிதர் எங்களுக்கு வாய்த்தார். ஜாவாக்காரர். நாற்பது வயதிருக்கும். முதல் நாள் மனைவியிடம் ஐந்து நிமிஷம் விசாரித்தார். முட்டை? மீன்? பால் சேர்க்கலாமா? வெங்காயம்? அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் பட்டியலைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. சூப்பில் காய்கறிதான் மிதக்கும், ஆனால் கொதிக்க வைத்தது கோழிச்சாற்றில் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஸீஸர் ஸாலட் என்ற இலைக்கலவையில் நெத்திலி வகை மீனை அரைத்து விட்டிருப்பார்கள் என்பதும், பழக்கூழ் மாதிரி ஆடுகிற இனிப்பு மாட்டெலும்பிலிருந்தோ பன்றித்தோலிலிருந்தோ எடுத்த பசையாக இருக்கலாம் என்பதும் அப்படித்தான். ஒவ்வொரு ராத்திரியும் மறுநாள் பட்டியலைக் கொண்டுவந்து காட்டி, எதை மாற்றிச் சமைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு போவார். மூன்றாம் நாள் அவளுக்குப் பருப்பும் சோறும் உருளைக்கிழங்கும் வந்தன. சமையலறையில் ஓர் இந்தியர் இருக்கிறாராம், கேட்டால் செய்வாராம்.

காந்தியின் ஞாபகம் வந்தது. 1888 செப்டம்பர் 4-ம் தேதி பம்பாயில் கப்பலேறிய அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்குக் கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. பட்டியலில் எது மாமிசமில்லாதது என்று கேட்கவும் தைரியம் இல்லை. எனவே மேஜைக்கே போகாமல், கொண்டுபோன பலகாரத்தையும் பழங்களையும் அறையில் உட்கார்ந்து தின்றுகொண்டே லண்டன் போய்ச் சேர்ந்தார். சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். இந்தப் பகுதியை முன்பெல்லாம் கூச்சத்தைப் பற்றியது என்று படித்திருக்கிறேன். கப்பலில் அது வேறு மாதிரி தெரிந்தது. பரிமாறுகிறவனுக்கு எதிரே உட்காரத் தெரியாமல் போவதைப் பற்றியது அது.

எனக்கும் தெரியவில்லை. என் காரணம் வேறு.

என் அப்பா கும்பகோணத்தில் ஒரு காபி கிளப்பில் சர்வராக இருந்தார். இருபத்திரண்டு வருஷம். இடது கையில் முழங்கை வரை டபராக்களை அடுக்கிக்கொண்டு வருவார். நாலு மேஜைக்கு யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதைக் காகிதமில்லாமல் மனசில் வைத்திருந்து, அவர்கள் கைகழுவிவிட்டு வருவதற்குள் கல்லாவைப் பார்த்துக் கணக்கைக் குரலெடுத்துச் சொல்வார். தப்பியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு நான் பின்வாசல் வழியாகப் போனால் மாவாட்டுகிற இடத்தில் உட்கார்த்திவைத்து ஒரு போண்டா கொடுப்பார்கள். அங்கிருந்து அப்பாவைப் பார்ப்பேன். அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். "இலையைப் பாருடா, முகத்தைப் பார்க்காதே. பசிக்கிறவன் முகத்தைப் பார்க்கப்படாது" என்று புதிதாக வந்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். சிரிக்கவும் மாட்டார். அந்தச் சம்பளத்தில் சிரிப்பு சேரவில்லை. டம்ளருக்கு அடியில் யாராவது காலணாவோ இரண்டணாவோ வைத்துவிட்டுப் போனால், ஆள் தெருவுக்கு இறங்குகிறவரை அதைத் தொடமாட்டார். மேஜையைத் துடைக்கிறபோது துணியோடு அது மறைந்துவிடும்.

இதை நான் எங்கும் எழுதியதில்லை. என் கதைகளில் வருகிற அப்பாக்கள் எல்லாம் குமாஸ்தாக்கள்.

கப்பலில் நேர்மாறு. முகத்தைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், பெயர் சொல்லி அழைக்க வேண்டும், நேற்று இறங்கிய ஊர் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். கடைசி நாள் நமக்கு ஒரு கேள்வித்தாள் வரும். அதில் உச்ச மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் குறைத்துப் போட்டாலும் அவருக்குக் கெடுதல். டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு வாரம் கரீபியன் கடலில் சுற்றிவிட்டு 1996-ல் 'ஹார்ப்பர்ஸ்' பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதினார். இவ்வளவு உபசாரம் ஒரு மனிதனை எப்படிக் குழந்தையாக்கி, பிறகு விரக்தியில் தள்ளுகிறது என்பதை அந்தக் கட்டுரை சொல்கிறது. நல்ல கட்டுரை. ஆனால் என் சிக்கல் அந்த விரக்தி இல்லை. அந்தச் சிரிப்பு வரும்போதெல்லாம் நான் ஜாவாக்காரரின் காலணியைப் பார்த்தேன். கறுப்பு, பளபளப்பு. வலது பாதத்தின் பாரத்தை அடிக்கடி இடதுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அப்பா செய்வதுபோலவே.

எட்டு மாத ஒப்பந்தம். ஏழு மாதம் முடிந்திருந்தது. வாரத்தில் ஏழு நாளும் வேலை. காலையில் மேல்தளத்தில் காபி ஊற்றுவதும் அவர்தான், ராத்திரி பத்தரைக்கு எங்கள் மேஜையைத் துடைப்பதும் அவர்தான். கடல் தொழிலாளர்களுக்கென்று 2006-ல் உருவாகி 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. ஓய்வு நேரத்தை வைத்துக் கணக்கிடும்போது, ஒரு நாளில் 10 மணியும் ஒரு வாரத்தில் 77 மணியும் ஓய்வு தர வேண்டும் என்கிறது அது. தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்றுதான் படிக்கிறோம். கழித்துப் பார்த்தால் வாரத்துக்கு 168-ல் மிச்சம் 91 மணி நேரம்.

நாலாம் நாள் ஸ்காக்வே என்ற ஊரில் நின்றோம். 1897-லும் 98-லும் தங்கம் தேடிக் க்ளோண்டைக்குக்குப் போனவர்கள் இறங்கிய துறை. மலைக்கணவாயின் உச்சியில் கனடாப் போலீஸ் நின்றுகொண்டு, ஓர் ஆண்டுக்கான சாப்பாடு இல்லாதவனை உள்ளே விடாதாம். மாவு, பன்றி இறைச்சி, பயறு, சர்க்கரை, அதோடு கருவிகள், கூடாரம் எல்லாம் சேர்த்து ஆளுக்குச் சுமார் ஒரு டன். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முதுகில் சுமந்து, ஒரே மலையைப் பத்துப்பத்தாகப் பல தடவை ஏறி இறங்கியிருக்கிறார்கள். வைட் பாஸ் வழியில் சுமார் 3,000 குதிரைகள் செத்து விழுந்தன. வழிகாட்டி இதைச் சொன்னபோது எங்கள் குழுவில் ஒருவர் ஏப்பம் விட்டார். யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் வயிறு நிறைந்திருந்தது.

அன்று ராத்திரி அறையிலிருந்த டெலிவிஷனில் எங்கள் கணக்கைப் பார்த்தேன். ஊழியர் அன்பளிப்பு என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 16 டாலர் தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. எனக்கும் மனைவிக்கும் ஏழு நாளில் 224 டாலர், பதினெட்டாயிரம் ரூபாய்க்கு மேல். அன்பளிப்பு தானாக எப்படி ஏறும்? வேண்டாமென்றால் முதல் தளத்து அலுவலகத்தில் சொல்லி எடுத்துவிடலாம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மறுநாள் பனிமலைகளைப் பார்க்க எல்லோரும் மேல்தளத்தில் கூடியிருந்தார்கள். 1794-ல் வான்கூவரின் ஆட்கள் கண்டபோது க்ளேஸியர் பே விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனியாக இருந்ததாம். அது பின்வாங்கிப் போன பாதையில்தான் அன்று எங்கள் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் மகனிடம் சொல்லாமல் கீழே போனேன். என் பங்கையும் மனைவியின் பங்கையும் எடுத்துவிடச் சொன்னேன். ஒரு படிவம் கொடுத்தார்கள். காரணம் என்று ஒரு கட்டம். நேரில் கொடுக்க விரும்புகிறேன் என்று எழுதினேன்.

பொய்யில்லை. உறையில் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கம்பெனி தன் ஊழியனுக்குத் தர வேண்டிய கூலியை என் தலையில் கட்டி, அதற்கு அன்பளிப்பு என்று பெயரும் வைத்திருக்கிறது என்று எனக்குள் ஒரு தர்க்கம் ஓடியது. அந்தத் தர்க்கமும் தவறில்லை. ஜாவாக்காரருக்கு 100 டாலர், அறையைச் சுத்தம் செய்கிறவருக்கு 40 என்று இரண்டு உறைகள் தயார் செய்தேன். 224-ல் மீதி 84 டாலர் எங்கே போயிற்று என்று அந்தத் தர்க்கம் கேட்கவில்லை.

ஏழாம் நாள் மாலை கனடாவில் விக்டோரியா துறைமுகத்தில் சில மணி நேரம் நிறுத்தினார்கள். பார்ப்பதற்காக அல்ல. வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல், அமெரிக்கத் துறையில் ஏற்றிய பயணிகளை வேறு நாட்டுத் துறை எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைகளுக்கிடையே சுற்றிக் காட்டக்கூடாது என்று 1886-ல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்காக. பலர் ஊரைப் பார்க்க இறங்கிவிட்டார்கள். சாப்பாட்டு அறை பாதி காலி. மற்ற மூவரும் எழுந்து போனபின் நான் உறையை நீட்டினேன். அவர் சிரித்து வாங்கிக்கொண்டார். பிறகு பக்கத்து மேஜையைப் பார்த்துக்கொண்டு, "ஸார், ஒன்று கேட்கலாமா? ஆபீஸில் அந்தத் தொகையை எடுத்துவிட்டீர்களா?" என்றார்.

எனக்குக் காது சுட்டது. ஆமாம் என்றேன்.

"அப்படியென்றால் இதை நான் உள்ளே ஒப்படைத்துவிட வேண்டும் ஸார். எந்தெந்த அறை எடுத்தது என்று எங்களுக்கு லிஸ்ட் வரும். பரவாயில்லை. பொதுவில் சேர்ந்துவிடும். நான் வைத்துக்கொண்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாதே என்றுதான் சொன்னேன்."

அது புகார் இல்லை. கேட்டுக்கொள்வதும் இல்லை. அந்த நிமிஷம் மட்டும் அவர் சிரிக்கவில்லை. ஏழு நாளில் அவருடைய சொந்த முகத்தை நான் பார்த்தது அப்போதுதான். பொதுவில் யார் யார் என்று கேட்டேன். தட்டு கழுவுகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், ராத்திரியில் தாழ்வாரம் துடைக்கிறவர்கள் என்றார். அந்த ஏழு நாளில் அவர்களில் ஒருவரைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை.

நான் எதற்காகக் கையில் கொடுக்க விரும்பினேன் என்பது அங்கே நின்றபோது புரிந்தது. கொடுத்தது நான்தான் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெருவுக்கு இறங்காமல் நின்றுகொண்டு, அவர் டம்ளரைத் தூக்குவதைப் பார்க்க வேண்டும். காபி கிளப்பில் அப்படி நின்று பார்க்கிறவர்கள் சிலர் உண்டு. பின்வாசலிலிருந்து அவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வைத்துவிட்டுப் போன காசை மட்டும் அப்பா வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார். மேஜை துடைக்கிற பையனிடம் கொடுத்துவிடுவார்.

1977-ல் எனக்கு டெலிபோன் இலாகாவில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அப்பாவைத் தஞ்சாவூரில் ஒரு நல்ல ஹோட்டலுக்கு அழைத்துப்போனேன். அவரை உட்கார வைத்து ஒருவர் பரிமாறுவதை நான் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவரால் சாப்பிட முடியவில்லை. சர்வர் வரும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துகொண்டார். இரண்டு இட்லியைத் தின்று முடித்து, டம்ளரையும் தட்டையும் எடுக்க வசதியாக ஓரத்தில் தள்ளி வைத்துவிட்டு, "அவனுக்குக் காலில் ஆணி. பாவம், கல்தரை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிடுகிறவராக இருக்கக்கூடாதா என்று வெளியே வந்து கத்தினேன். அவர் பதில் சொல்லவில்லை.

ராத்திரி பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். கடைசி இரவு. நீண்ட வரிசை. எடுக்காத தண்ணீர் பாட்டிலுக்குக் காசு போட்டுவிட்டதாக ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. எடுத்ததை மறுபடியும் சேர்க்க வேண்டும் என்றேன். அந்தப் பெண் அறை எண்ணைக் கேட்டுத் தட்டினாள். முடிந்தது என்றாள். படிவம் எதுவும் இல்லையா என்று கேட்டேன். சேர்ப்பதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லையாம். இதையெல்லாம் மகனிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் காலை இறங்குவதற்கு முன் மேல்தளத்தில் ஜாவாக்காரரைப் பார்த்தேன். காபிப் பாத்திரத்தோடு வேறு யாருடைய மேஜைக்கோ போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். தொகை மறுபடியும் ஏறியது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்தேன். உடனே, தெரிந்தால் தேவலை என்று விரும்புகிறேன் என்பதையும் கவனித்தேன். இந்தப் புத்தி ஒரே நாளில் போய்விடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நண்பருக்கு. மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி முதல் நாள் அறைக்கு வர ராத்திரியாகலாம். அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கிடைத்தால் ஆட்டம் குறைவு. குமட்டினால் இஞ்சியும் பச்சை ஆப்பிளும். பஃபேயில் நுழையுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். வாந்திபேதி பரப்புகிற நோரோ கிருமியை, கையில் தெளிக்கிற அந்த மருந்தைவிடச் சோப்பும் தண்ணீரும்தான் நன்றாகப் போக்கும். மேல்தளத்திலிருந்து வாழைப்பழத்தையோ ஆப்பிளையோ கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் இரண்டு ராத்திரி நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வரச் சொல்வார்கள். வேட்டியோடு போகலாம், நான் போனேன். கணக்கில் தானாக ஏறுகிற அந்தத் தொகையை எடுக்காதீர்கள், அதைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு நல்ல தர்க்கம் இருந்தாலும். தனியாகக் கொடுக்கத் தோன்றினால் அதற்கு மேல் கொடுங்கள், கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள். விமர்சனத்தை நம் பத்திரிகைக்கு வைத்துக்கொள்வோம்.

முட்டை இல்லாமல் கிடைக்கும். முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.